செங்கல் மேடுகளைத் தேடிச் செல்வோருக்கு

திருப்பதிக்கு வரும் யாத்திரிகர்களில் ஆயிரத்தில் ஒருவராவது, மலையேறிப் பெருமாளைச் சேவித்து, திருச்சானூரில் தாயாரைத் தொழுது, காளஹஸ்தியில் ராகு கேது பரிகாரத்தையும் முடித்துக்கொண்ட பின்னர், இந்தப் பக்கத்தில் பழைய பௌத்த விஹாரம் ஏதேனும் பார்ப்பதற்கு உண்டா என்று விசாரிப்பது வழக்கம். அவர் தங்கியிருக்கும் விடுதிக்காரர்கள் அவரைச் சந்திரகிரிக் கோட்டைக்கோ தலக்கோனா அருவிக்கோ வண்டி பேசி அனுப்பிவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுக்காக்களைப் பிரித்தெடுத்து 1911-ஆம் ஆண்டில் அமைத்த பழைய சித்தூர் ஜில்லாவின் எல்லைக்குள், சைவ வைஷ்ணவ ஆலயங்களுக்குப் பஞ்சமில்லையே தவிர, பெயர் சொல்லி அழைத்துச் செல்லத்தக்க பௌத்தச் சிதைவு என்று ஒன்றும் இல்லை. ஆயினும் வடக்கே கிருஷ்ணா நதி தீரத்தில் மலிந்து கிடக்கும் ஸ்தூபங்களுக்கும் தெற்கே ஒரு காலத்தில் பிக்ஷுக்கள் நிறைந்திருந்த காஞ்சி மாநகருக்கும் நடுவே அமைந்திருப்பதாலும், ரேணிகுண்டாவிலிருந்து இருப்புப் பாதைகள் கூடூருக்கும் கடப்பைக்கும் அரக்கோணத்துக்குமாகப் பிரிந்து செல்வதாலும், இவ்வகை யாத்திரைக்குத் திருப்பதியைப்போல் வசதியான புறப்பாட்டு ஸ்தலம் தமிழ் பேசுவோருக்கு வேறொன்று கிடைப்பது அரிது. அவ்வாறு புறப்படுவோர் எதை முதலில் பார்ப்பது, எதைப் பின்னர் பார்ப்பது, பார்க்கும் இடத்தில் எதை நோக்குவது என்பனவே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் கண்டு பழகிய நம் கண்களுக்கு, பௌத்த விஹாரத்தின் இடிபாடு பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். முழங்கால் உயரத்துக்குமேல் எழாத செங்கற் சுவர்கள், புல் முளைத்த ஒரு வட்ட மேடு, அங்கொன்றும் இங்கொன்றுமாக முறிந்து நிற்கும் சுண்ணாம்புக் கற்றூண்கள், தொல்பொருள் இலாகாவின் நீலப் பலகை: இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டே பத்து நிமிஷத்தில் வண்டிக்குத் திரும்பிவிட்டவர்கள் எத்தனையோ பேர். கருங்கல்லை அடுக்கிக் கட்டிய ஆலயம் போலன்றி, இவற்றின் கூரை மரத்தாலும் சுவர் செங்கல்லாலும் மேற்போர்வை மட்டும் பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லாலும் ஆனவை. ஆதலால் மரம் மக்கிப் போக, செங்கல்லை அண்டை ஊரார் வீடு கட்ட எடுத்துக்கொள்ள, சிற்பம் செதுக்கிய பலகைக் கற்களிற் சில சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கப்பட, எஞ்சியவை நகரத்துக் காட்சிச்சாலைகளுக்கு வண்டியேற, அடித்தளம் ஒன்றே அவ்விடத்தில் நிலைத்தது. எனவே பௌத்த ஸ்தலத்துக்குச் செல்பவர் தரையில் கிடக்கும் அடித்தளத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு போகவேண்டும். அந்த வித்தை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வந்துவிட்டால் பின்னர் எந்தச் செங்கல் மேட்டிலும் அது கைகொடுக்கும்.

வட்டமாகத் தோன்றுவது ஸ்தூபம். புத்தர்பிரானுடைய அல்லது பெரிய தேரர் ஒருவருடைய தாதுவை உள்ளே வைத்து எழுப்பிய திரண்ட மேடு அது. உள்ளே நுழைவதற்கன்று, வலம் வருவதற்காகவே கட்டியது. ஆந்திர தேசத்து ஸ்தூபங்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு: நான்கு திசைகளிலும் அடிமேடை செவ்வகமாக முன்னே நீண்டிருக்கும், அந்நீட்சி ஒவ்வொன்றின்மேலும் ஆயகத் தூண்கள் என்று பெயர்பெற்ற ஐந்து தூண்கள் நின்றன. பகவானுடைய ஜனனம், இல்லந்துறந்தமை, போதி பெற்றமை, முதல் உபதேசம், பரிநிர்வாணம் ஆகிய ஐந்தையும் அவை குறிக்கும் என்பர். தூண்கள் இன்று விழுந்திருக்கலாம்; நீட்சியைத் தேடிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் யானையின் பின்புறம்போல் வளைந்தும் இருக்கும் கட்டடம் சைத்திய கிருஹம். பிக்ஷுக்கள் கூடி வழிபட்ட இடம். அந்த வளைவினுள்ளே சிறு ஸ்தூபமோ புத்தர் சிலையின் பீடமோ இருக்கும். நடுவே தூண்கள் நாட்டிய மண்டபமும், அதன் மூன்று பக்கங்களிலும் வரிசை வரிசையாகச் சிற்றறைகளும் அமைந்திருந்தால் அதுவே விஹாரம், அதாவது பிக்ஷுக்கள் வசித்த மனை. ஒருவர் படுக்கவும் அமரவும் மட்டும் இடங்கொடுக்கும் அவ்வறைகளில் ஒன்றினுள் சென்று நின்று, வாயிற்படி எங்கே, கழிவுநீர் வெளியேறும் கால்வாய் எங்கே, உண்ணும் கூடம் எத்திசையில் என்று தேடிப் பார்ப்பவருக்கு, அங்கு வாழ்ந்தவர்களின் அன்றாட நடை தானே விளங்கத் தொடங்கும்.

இந்தப் பாடத்தைத் தொடங்குவதற்கு நான் சிபாரிசு செய்யும் இடம் பௌத்த ஸ்தலமே அன்று என்று சொன்னால் வாசகர் வியக்கக்கூடும். திருப்பதியிலிருந்து ஏர்ப்பேடு செல்லும் பக்கத்தில், பாப்பாநாயுடுபேட்டைக்கு அருகே, சுவர்ணமுகி தீரத்துச் சிற்றூராகிய குடிமல்லத்தில் பரசுராமேசுவரர் கோயில் இருக்கிறது. ஐந்தடி உயரமுள்ள அதன் லிங்கமும், அதன் முன்புறத்தில் குந்தியிருக்கும் ஒரு குள்ள உருவத்தின்மேல் நின்றபடி செதுக்கப்பட்ட சிவபிரானும், கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்தவை என்று அறிஞரில் பலர் கருதுவதால், கலை வரலாற்று நூல்களில் அவ்வூர் பெயர் அடிபடாத நூல் இல்லை. நமக்கு வேண்டியது வேறு. இக்கோயிலின் விமானம், சைத்திய கிருஹங்களுக்கு உரிய அதே வளைந்த பின்புறத்தோடு, நம்மவர் தூங்கானை மாடம் என்று சொல்லும் அமைப்பில், இடியாமல் முழுமையாக நிற்கிறது. 1973-ஆம் ஆண்டில் தொல்பொருள் இலாகாவினர் கருவறையைத் தோண்டி ஆராய்ந்தபோது, லிங்கத்தைச் சுற்றி, ஸ்தூபங்களைச் சுற்றி அமைப்பது போன்ற சதுரமான கல் வேலி ஒன்று வெளிப்பட்டது. அக்காலத்துச் சிற்பிகள் சமயத்துக்குச் சமயம் வெவ்வேறு தச்சு முறை வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இப்பக்கத்தில் இல்லை. கோயிலை வெளிப்பக்கமாக ஒரு முறை நிதானமாகச் சுற்றி, வளைவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் காலால் அளந்து பார்த்துக்கொண்டால், பின்னர் கிருஷ்ணா தீரத்தில் அரையடி உயரத்தில் கிடக்கும் வளைந்த சுவரைப் பார்த்தவுடனே அதன்மேல் எழுந்திருந்த கூரையையும் மனம் தானே வைத்துக்கொள்ளும். பூஜை நடக்கும் கோயில் ஆதலால் காலை வேளையே உத்தமம்.

இரண்டாவது பாடம் சென்னையில். அமராவதிக்குப் போவதற்கு முன்னரே எழும்பூர்ப் பாந்தியன் சாலையிலுள்ள அரசாங்கக் காட்சிச்சாலைக்குப் போய்விட வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். முறை மாற்றிச் செல்பவர்கள் இரண்டு இடங்களிலும் நஷ்டப்படுகிறார்கள். அமராவதி மகாஸ்தூபத்தைப் போர்த்தியிருந்த பலகைக் கற்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இவற்றில் ஸ்தூபத்தின் உருவத்தையே செதுக்கிய கற்கள் சில உள. சிங்கங்கள் அமர்ந்த வாயில்களும், சுற்றுவேலியும், ஐந்து ஆயகத் தூண்களும், அண்டத்தின்மேல் தொங்கும் மாலைகளும், உச்சியிலுள்ள குடைகளும், வானத்திலிருந்து பறந்து வந்து வணங்கும் தேவர்களும் அக்கற்களில் அப்படியே காணக்கிடக்கின்றமையால், நேரில் காணப்போகும் வெறும் மேடு ஒரு காலத்தில் எவ்வாறு விளங்கியது என்பதை வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய கற்களில் புத்தர்பிரானுடைய திருவுருவம் இராது. வெற்று ஆசனமும், பாதச் சுவடும், போதி மரமுமே அவரைக் குறிக்கும். பிற்காலத்துக் கற்களில் அவர் மனித வடிவில் தோன்றுவார்.

இங்கே ஒரு வட்டச் சிற்பத்தின் முன் கால் மணி நேரமாவது நிற்கவேண்டும். நளகிரி என்னும் மதயானையை பகவான் அடக்கிய கதை அதில் உள்ளது. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது: இடப்பக்கம், வீதியில் வெறிகொண்டு பாய்ந்து ஒருவனைத் துதிக்கையால் இழுத்து வீசுகிறது, வலப்பக்கம், அதே யானை மண்டியிட்டுப் பணிகிறது. நடுவே திடுக்கிட்டு ஒதுங்கும் ஜனங்களையும், அச்சத்தால் பக்கத்திலிருப்பவனைப் பற்றிக்கொள்ளும் பெண்ணையும், மேல்மாடத்துச் சாளரங்களிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களையும் சிற்பி எவ்வளவு சிறிய இடத்தில் அடக்கியிருக்கிறான்! இக்காட்சிச்சாலைக்கும் தொல்பொருள் இலாகாவின் ஸ்தலக் காட்சிச்சாலைகளுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை யாத்திரையின் நாட்களை வகுப்பதற்கு முன்னரே குறித்துக்கொள்க. திருப்பதியில் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்க்க எண்ணி வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதில் அகப்பட்டுக்கொள்வது சகஜம்.

இனித் திருப்பதிக்கு மிக அருகிலுள்ள உண்மையான பௌத்த ஸ்தலத்துக்கு வருவோம். கடப்பை செல்லும் பாதையில், கோடூர் மாந்தோப்புகளையும் இராஜம்பேட்டையையும் கடந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் செய்யேற்றங்கரையில் நந்தலூர் இருக்கிறது. பம்பாய் மார்க்கத்து ரயில்கள் நீராவியால் ஓடிய நாளில் என்ஜின் கொட்டகையால் பெயர்பெற்ற ஊர் இது. ஊருக்குள் சௌம்யநாத ஸ்வாமி ஆலயமும், அதன் சுவர்களில் சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்களும் உள்ளன. அவ்வாலயத்துக்கென்றே வருபவர்களில் பலருக்கு, அடுத்துள்ள ஆடபூர் எல்லையில் ஒரு குன்றின்மேல் ஸ்தூபங்களும் விஹாரமும் செங்கல் அடித்தளங்களாக இருப்பது தெரியாது. ஊராரிடம் பௌத்த விஹாரம் என்று கேட்டால் விழிப்பார்கள், இப்பக்கத்துத் தெலுங்கில், “இடுகல திப்ப எக்கட அன்னா?” என்று, செங்கல் மேடு எங்கே என்னும் பொருள்பட, ஆடு மேய்ப்பவர் ஒருவரைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். இங்கே சிற்பம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆற்றைப் பார்த்த குன்று, ஊருக்கு மிக அருகிலும் இல்லாமல் மிகத் தொலைவிலும் இல்லாமல் காலையில் பிக்ஷைக்கு இறங்கி உச்சிப்பொழுதுக்குள் திரும்பிவிடக்கூடிய இடைவெளி, வணிகச் சாத்துகள் செல்லும் பாதை: பிக்ஷுக்கள் தங்கள் இருப்பிடத்தைத் தேர்ந்தெடுத்த முறையை இவ்விடம் நன்றாகக் காட்டுகிறது, இதே முறையை நாம் பின்னர்க் காணப்போகும் ஒவ்வோர் இடத்திலும் காணலாம்.

இரண்டு ஜாக்கிரதைகள். மழைக் காலத்தில் செய்யேற்றைக் கடந்து குறுக்கு வழி போகும் யோசனையை விட்டுவிட வேண்டும். 2021 நவம்பரில் அன்னமய்யா அணை உடைந்து இவ்வாற்றங்கரைக் கிராமங்கள் பட்ட பாட்டை அப்பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை. மற்றொன்று, சேஷாசல மலைத் தொடரின் அடிவாரம் முழுவதும் செம்மரக் காடு. பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் திரியும் அந்நியரை வனக் காவலர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் வந்தவர் தமிழர் என்று தெரிந்துவிட்டால் விளக்கம் சொல்லி முடியாது.

கிருஷ்ணா தீரத்துக்குத் திருப்பதியிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டால் விடியற்காலையில் விஜயவாடாவிலோ குண்டூரிலோ இறங்கலாம். அமராவதி குண்டூரிலிருந்து ஒரு மணி நேரத்துப் பேருந்துப் பயணம். சாதவாகனர் காலத்துத் தான்யகடகமாகிய தரணிக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்னும் ஜமீன்தார் இங்கே புதிய நகரம் எழுப்ப முனைந்து, தீபாலதின்னெ என்று ஊரார் வழங்கிய மேட்டிலிருந்து கல்லும் செங்கல்லும் எடுக்கத் தொடங்கியபோதுதான், அம்மேடு வெறும் மேடன்று என்பது வெளிப்பட்டது. காலின் மெக்கன்ஸி வந்து பார்த்து வரைபடம் எழுதினார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்கு அனுப்பிய கற்களில் நூற்றுக்கு மேற்பட்டவை 1859-இல் லண்டனுக்குச் சென்று, இன்று பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. இவ்வாறு ஜமீன்தாரும் கலெக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் முறைவைத்து எடுத்துக்கொண்ட பின்னர் மிஞ்சியதே நாம் காண்பது: அகன்ற வட்ட மேடை, அதைச் சுற்றி நிறுத்தியுள்ள சில கற்பலகைகள், நன்கு பராமரித்த புல்தரை. எழும்பூரில் பாடம் கேட்டு வந்தவருக்கு இதுவே போதும்; மேடையை வலமாக ஒருமுறை சுற்றி வந்து, இதன் குறுக்களவு 150 அடிக்கு மேற்பட்டது என்பதைக் கால் உணரும்போது, சென்னையில் கண்ட சிற்பங்கள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் வந்து அமரும். பக்கத்திலுள்ள ஸ்தலக் காட்சிச்சாலையைத் தவற விடலாகாது. 2006 ஜனவரியில் தலாய் லாமா இங்கே காலசக்கர தீக்ஷை நடத்தியதற்குப் பின் எழுந்த 125 அடி உயரத் தியான புத்தர் சிலையை, குடும்பத்தோடு வந்தவர்கள் குழந்தைகளுக்காகப் பார்த்து வரலாம். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அங்கிருந்து நாகார்ஜுனகொண்டாவுக்குச் செல்வதே இந்த யாத்திரையின் முக்கியமான பகுதி. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கவேண்டும். குண்டூரிலிருந்து மாசர்லா வந்து, விஜயபுரி தெற்குப் படித்துறையில் படகேறி, நாகார்ஜுன சாகரத்தின் நடுவே தீவாகிவிட்ட மலையுச்சியை அடையவேண்டும். போதிய ஜனம் சேர்ந்தால்தான் படகு புறப்படும். அணையில் வெள்ளம் மிகுந்திருக்கும் நாட்களில் புறப்படவே புறப்படாது. ஆதலால் முதல் நாள் மாலையே விஜயபுரிக்கு வந்து தங்கி, காலைப் படகைப் பிடிப்பது நலம்.

இவ்விடத்தின் வரலாற்றைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தண்ணீருக்கடியில் இருப்பது அதிகம். சாதவாகனருக்குப் பின் கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு வமிசத்தரசர்கள் விஜயபுரி என்னும் தலைநகரை வைத்து ஆண்ட பள்ளத்தாக்கு இது. அவ்வமிசத்தை நிறுவிய சாந்தமூலன் அசுவமேதம் செய்த வைதிகன். ஆனால் அவன் சகோதரியாகிய சாந்தசிரியும், அரண்மனையைச் சேர்ந்த மற்றப் பெண்மணிகளும் பிக்ஷு சங்கத்துக்கு மகாசைத்தியத்தையும் விஹாரங்களையும் மண்டபங்களையும் தூண் தூணாகக் கட்டிக்கொடுத்துத் தங்கள் பெயரைச் சாசனமாக எழுதி வைத்தார்கள். கணவன்மார் யாகசாலையிலும் மனைவிமார் விஹாரத்திலுமாக ஒரே இல்லத்தில் இரண்டு தர்மங்களும் மனஸ்தாபமின்றி நடந்து வந்ததற்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போதிசிரி என்னும் உபாசிகையின் சாசனம் ஒன்று, இலங்கைத் தேரர்களுக்காக அமைந்த விஹாரத்தைக் கூறுவதோடு, அத்தேரர்கள் தர்மத்தைப் பரப்பிய நாடுகளின் வரிசையில் காச்மீரம், காந்தாரம், சீனம், யவனம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டையும் சேர்த்திருப்பதாக அறிஞர் படித்திருக்கிறார்கள்.

1926-இல் வெளியுலகுக்குத் தெரியவந்து, லாங்ஹர்ஸ்ட் முதலியோர் தோண்டி ஆராய்ந்த இப்பள்ளத்தாக்கு, 1955 டிசம்பரில் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டியபோது முழுகிப்போவது நிச்சயமாகிவிட்டது. அணை வரப்போவதை முன்னரே அறிந்திருந்ததால், 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் அவர்கள் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களைத் தோண்டி, முக்கியமான ஒன்பது கட்டடங்களைச் செங்கல் செங்கல்லாகப் பெயர்த்து மலையுச்சியிலும், வேறு சிலவற்றைக் கரையிலுள்ள அனுபு என்னுமிடத்திலும் திரும்ப அமைத்தார்கள். எனவே தீவில் காண்பவை மூலக் கட்டடங்களே ஆயினும் மூல இடத்தில் இல்லை. காட்சிச்சாலையில் வைத்திருக்கும் பள்ளத்தாக்கின் மாதிரியுருவத்தை முதலில் பார்த்து, எது எங்கே இருந்தது என்று மனத்தில் பதித்துக்கொண்ட பின்பே வெளியே வரவேண்டும். பெரும்பாலோர் படகுக்கு நேரமாகிறது என்று இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

மகாசைத்தியத்தின் அடித்தளத்தருகே குனிந்து ஒரு செங்கல்லை நோக்குக. 20 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உள்ள பெருஞ்செங்கல். நம் காலத்துச் சூளைச் செங்கல்லின் நீளம் இதில் பாதிகூட இராது. 106 அடி குறுக்களவுள்ள ஸ்தூபத்தின் உட்பகுதியை முழுவதும் செங்கல்லால் நிரப்பாமல், நடுவே குடமும் அதிலிருந்து விரியும் ஆரங்களும் வெளிவட்டமுமாகச் சக்கர வடிவில் சுவர் எழுப்பி, இடைவெளிகளில் மண்ணைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். செங்கல் மிச்சம், பாரமும் சமமாகப் பரவுகிறது; தர்மசக்கரமும் உள்ளே மறைந்து நிற்கிறது. தச்சருக்கு முதலில் தோன்றியது சிக்கனமா பக்தியா என்று தீர்மானிக்க நான் முயல்வதில்லை. விஹார வாயில்களில் கிடக்கும் அரைவட்டச் சந்திரக்கற்களையும், அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் விலங்கு வரிசைகளையும் கவனிக்க வேண்டும். அனுராதபுரம் சென்று வந்தவர்களுக்கு அவை நெருங்கிய உறவாகத் தோன்றும். திரும்பும் வழியில் அனுபுவில், படிகளால் சூழ்ந்த செங்கல் அரங்கத்தையும் விஹாரங்களையும் மாலை வெயிலில் பார்க்கலாம். தீவைவிட அங்கே ஜனநடமாட்டம் குறைவு, அறைகளில் தனியாக நின்று பார்க்கவும் முடியும்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்று சொல்பவரிடம் நான் அமராவதியையும் நாகார்ஜுனகொண்டாவையும் சொல்லாமல் குண்டுபல்லியைச் சொல்வேன். ஏலூரில் இறங்கி, காமவரப்புக்கோட்டை வழியாக ஜீலகர்ரகூடம் என்னும் சிற்றூருக்குப் போனால், அதையடுத்த குன்றுகளின் மடிப்பில் இந்த ஸ்தலம் இருக்கிறது. படியேறியவுடன், பாறையைக் குடைந்த பிக்ஷு அறைகளும், அவற்றுக்குமேல் தட்டுத் தட்டாக எழுந்துள்ள சிறு ஸ்தூபங்களும், செங்கல் சைத்தியத்தின் வளைந்த சுவரும் ஒரே பார்வையில் வந்துவிடுகின்றன. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எதையும் பெயர்த்துக் கொண்டுவரவில்லை. வட்டமாகக் குடைந்த சைத்தியக் குகை ஒன்று இங்கே உள்ளது. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தைச் சேர்ந்த அக்குகையில் நுழைந்து கைவிளக்கை மேலே திருப்பினால், பாறையிலேயே செதுக்கிய வளைந்த கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் குடையின் கம்பிகளென நாற்புறமும் இறங்குவதைக் காணலாம். கல்லுக்குத் தேவையில்லாத மரவேலையைக் கல்லில் செய்து வைத்தவன், ஓலையும் மரமும் வேய்ந்த வட்டக் குடிசையைப் பார்த்தே இதைச் செய்திருக்க வேண்டும். அந்நாளையக் கூரைகளில் ஒன்றேனும் நமக்கு மிஞ்சவில்லை ஆதலால், அவை எவ்வாறு இருந்தன என்பதை அறிய இக்குகைதான் கதி.

குகையின் நடுவிலுள்ள ஸ்தூபத்தைச் சுற்று வட்டாரத்து ஜனங்கள் தர்மலிங்கேசுவர ஸ்வாமி என்று வணங்கி வருகிறார்கள். அங்கே யாரேனும் விளக்கேற்றிக் கொண்டிருந்தால், இது லிங்கமன்று, ஸ்தூபம் என்று திருத்தப் புகவேண்டாம்; பாதரட்சையை வெளியே விட்டு, அவர்கள் கும்பிட்டு முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, பிறகு உள்ளே செல்வதே மரியாதை. இத்தனை நூற்றாண்டுகளாக அந்த ஸ்தூபத்தைக் காத்தது அவ்விளக்குதான். அனகாப்பள்ளிக்கு அருகே சங்கரம் கிராமத்துக் குன்றிலும் பாறையில் வெட்டிய ஸ்தூபக் கூட்டத்தை லிங்காலகொண்டா என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். அதுவரை செல்பவர்கள், விசாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தவாறு அமைந்த தொட்லகொண்டாவையும் பாவிகொண்டாவையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். சந்தவரம், பட்டிப்ரோலு இரண்டும் ஆராய்ச்சி விருப்பமுடையோருக்கே. மற்றையோர் அவற்றைத் தேடிப் பேருந்து மாறி அலைவதில் பயனில்லை.

பிரயாணத்துக்கு உரிய காலம் கார்த்திகை முதல் மாசி வரை. சித்திரை, வைகாசியில் குண்டூர்ச் சீமை வெயிலில், நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத செங்கல் பரப்பின் நடுவே நிற்பது உடம்புக்கு ஆகாது. காலையில் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையிலேயே பார்த்து முடிப்பது இரண்டு விதத்தில் லாபம்: சாய்ந்த வெயிலில் தேய்ந்த சிற்பத்தின் கோடுகளும் தாழ்ந்த சுவர்களின் நிழல்களும் தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே செம்மண் நிறமாகிவிடும். தண்ணீரும் தொப்பியும் கைவிளக்கும் அவசியம். குன்றின்மேல் கடை எதுவும் இராது, ஆதலால் கட்டுச்சோறு கொண்டுபோவது உசிதம். சாப்பிட்ட இலையையும் பாலிதீன் பையையும் பிக்ஷுக்களின் அறையில் விட்டு வருவது எவ்வளவு அநாகரிகம் என்பதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம். ஸ்தூபத்தின்மேல் ஏறிப் படமெடுத்துக் கொள்ளக்கூடாது. உடைந்து கிடக்கிறதே என்று ஒரு செங்கல் துண்டையோ பானை ஓட்டையோ பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். மேலும் இருந்த இடத்தை விட்டு அகன்ற ஓட்டுக்கு எந்த ஆராய்ச்சியாளரிடமும் மதிப்புக் கிடையாது.

தெற்கு நோக்கிச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. நகரி, திருத்தணி வழியாகக் காஞ்சிபுரம் மூன்று மணி நேரத்துப் பயணம். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாக எழுதிவைத்தார். நாளந்தாவில் தலைமைப் பதவி வகித்த தர்மபாலர் பிறந்த ஊரும் அதுவே. இன்று அங்கே விஹாரத்தின் சுவர் ஒன்றையும் காட்டுவதற்கில்லை. கருக்கினில் அமர்ந்த அம்மன் கோயில் முதலிய இடங்களில் எஞ்சியுள்ள புத்தர் சிலைகளைத் தேடிப் பார்க்கலாம். மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலை இதற்குக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. செங்கல் விஹாரத்தைத் தமிழ்நாட்டிலேயே காண வேண்டுமானால் பூம்புகாருக்கு அருகே பல்லவனேச்சரத்தில் 1960-களில் தோண்டி எடுத்த வரிசை அறைகளையும், அங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல் புத்த பாதத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் கல் ஆந்திர தேசத்துக் கல்லை ஒத்திருப்பது, அமராவதி சென்று வந்தவர் கண்ணுக்கு உடனே தெரியும். நாகப்பட்டினத்துக்கோ கட்டடம் காணும் ஆசையோடு போகவேண்டாம். ஸ்ரீவிஜய மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் தன் தந்தையின் பெயரால் எழுப்ப, ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக விட்ட சூடாமணி விஹாரத்துக்கு அங்கே அடையாளம் இல்லை. பிற்காலம்வரை நின்றிருந்த பழைய செங்கற் கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். 1856 முதல் அவ்வூரில் பல தடவைகளாகக் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகள் ஏறக்குறைய 350. அவற்றில் நல்லவை பல எழும்பூரில்தான் இருக்கின்றன. ஆகையால் அமராவதிக் கூடத்தைப் பார்க்கப் போகும் அன்றே வெண்கலக் கூடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டால், நாகப்பட்டினம் வரை போய்வரும் செலவு மிச்சம்.